செம்பாக்கத்துப் பார்டெண்டர்

செம்பாக்கம் வேதசிரோமணி சார் வீட்டுப் பெண் பாரில் வேலை பார்க்கிறாள் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், ஊர் சொன்னவனைத்தான் சந்தேகப்பட்டிருக்கும், எத்தனை ரவுண்டு போட்டுவிட்டு வந்து உளறுகிறான் என்று. வேதசிரோமணி லேசுப்பட்ட ஆளில்லை. தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் சபையின் மது ஒழிப்புக் கமிட்டிக்கு முப்பத்தோரு வருஷமாக அவர்தான் தலைவர். வருஷா வருஷம் மது ஒழிப்பு ஞாயிறு அன்று அவர் பேச எழுந்தால், விவரம் தெரிந்த தாய்மார்கள் பிள்ளைகளை முதலில் பாத்ரூமுக்குக் கூட்டிப் போய்விட்டு வந்து உட்கார வைப்பார்கள். பேச்சு அவ்வளவு நீளம். இருமல் மருந்து வாங்கினால்கூட லேபிளைப் படிப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த கேக்கில் ரம் வாசனை அடிக்கிறது என்று தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வீட்டோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே மகள் ஜெரூஷா. கூடுவாஞ்சேரி பக்கம் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படித்தாள். சமையல்கட்டில் பெரிய ஆளாக வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. மேடவாக்கத்தைத் தாண்டி ஓ.எம்.ஆர். போகிற வழியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ட்ரெய்னியாகச் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் மாசம், பாரில் இருந்த ஒருவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்து அவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட, "ரெண்டே வாரம், ஆள் வந்ததும் கிச்சனுக்கே போயிடலாம்" என்று சொல்லி அவளைக் கொண்டுபோய் பார் கவுண்ட்டருக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.

பார் மேனேஜர் சவுரிமுத்துவுக்கு நாற்பது வயசு. எந்நேரமும் நெஞ்செரிச்சல், சட்டைப்பையில் எப்போதும் ஒரு அட்டை மாத்திரை. வந்து நின்ற பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி பாட்டிலைக் கையால தொட்டிருக்கியா?"

"இல்ல சார்."

"நல்லாப் போச்சு." பன்னிரண்டு சின்ன கிளாஸ்களை வரிசையாக வைத்தார். ஒரு பாட்டிலில் தண்ணீரை நிரப்பி அவள் கையில் கொடுத்தார். "எல்லாத்துலயும் முப்பது மில்லி. அளவுக் கோப்பை கிடையாது. கண்ணளவுல ஊத்து."

அவள் ஊற்றினாள். சவுரிமுத்து ஒவ்வொன்றையும் அளவுக் கோப்பையில் கொட்டிப் பார்த்தார். முப்பது, முப்பது, முப்பத்தொன்று, முப்பது. மேஜையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் மாத்திரையைக் கடிக்கப் போனவர், கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எங்கம்மா கத்துக்கிட்ட?"

"சர்ச்சுல சார்."

அது நிஜம். அவர்கள் சபையில் திருவிருந்துக்கு ஆளுக்கொரு சின்னக் கப். மாசத்தின் முதல் ஞாயிறு இருநூற்று எண்பது கப்பில் திராட்சரசம் ஊற்றுகிற வேலை ஞாயிறு பள்ளிப் பெண் பிள்ளைகள் தலையில் விழும். ஒரு கப்பில் கொஞ்சம் குறைந்தால் போதும், ஆராதனை முடிந்ததும் யாராவது ஒரு அத்தை, "எனக்கு மட்டும் அரைக் கப்புதான் வந்துச்சு" என்று வாசலில் நின்று சொல்லாமல் போக மாட்டார். பத்து வயசிலிருந்து அந்த வாய்க்குப் பயந்து பயந்து ஊற்றிப் பழகிய கை அது. ரசமும் வேதசிரோமணி சாரே வீட்டில் காய்ச்சி வடிகட்டுவது, புளிப்பேறுவதற்கு அரை நாள் கூட விடமாட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, இரண்டு வாரத்தில் ஜெரூஷாவுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. கிச்சனில் சமைத்தால் சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்க்க முடியாது. இங்கே கலக்கிக் கொடுத்த கையோடு எதிரே நிற்கிற முகம் மாறுவதைப் பார்க்கலாம். பெரிய கம்பெனியில் வேலை போன அன்று வந்து உட்காருகிறவன், வேலை கிடைத்த அன்று வந்து உட்காருகிறவன், இரண்டு பேரும் ஒரே டிரிங்கைத்தான் கேட்பார்கள். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி பேச முடியாது. அவளுக்கு அது வாய்த்தது. அவள் குடிக்க மாட்டாள், அது வேறு விஷயம். ஸ்ட்ராவின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள், துப்பி வாயைக் கொப்பளித்துவிடுவாள். சமையல்காரன் உப்புப் பார்க்கிற மாதிரிதான்.

ஆறாம் மாசம் நுங்கை மசித்து, எலுமிச்சையும் இஞ்சிச் சாறும் சேர்த்து, ஜின்னோடு குலுக்கி ஒன்று கொடுத்தாள். அது சனிக்கிழமை சனிக்கிழமை அறுபது எழுபது போக ஆரம்பித்தது. ஜின் இல்லாமலும் கொடுத்தாள், அதுவும் போயிற்று. கிச்சனிலிருந்து கூப்பிட்டபோது, "நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் என்ன சொன்னாள்? அதுதான் கதை. பாருக்குப் போன முதல் வாரமே அப்பா கேட்டார்.

"என்ன செக்ஷன் பாப்பா போட்டிருக்காங்க?"

"பெவரேஜ்பா."

"அப்படின்னா?"

"இந்த லெமன், மின்ட், நுங்கு எல்லாம் கலந்து..."

"ஓ, ஜூஸா?"

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் பங்குக்குச் செய்த பொய் அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் அப்பாவே செய்தார். "என் பொண்ணு ஸ்டார் ஹோட்டல்ல ஜூஸ் செக்ஷன்" என்று சபை முழுக்கச் சொன்னார். அறுப்பின் பண்டிகைக்கு அவரே அவள் பெயரில் ஒரு ஜூஸ் கடை போட இடம் பிடித்தார். வேறு வழியில்லாமல் சவுரிமுத்துவிடம் கெஞ்சி இரண்டு ஷேக்கரை இரவல் வாங்கிவந்து, மகராசி, அந்தப் பந்தலின் கீழே நின்று நானூறு கிளாஸ் குலுக்கிக் கொடுத்தாள். சபையே வரிசையில் நின்றது. வெள்ளிக்கிழமை வரை வோட்காவும் விஸ்கியும் குலுங்கிய அதே ஷேக்கரிலிருந்து மது ஒழிப்புக் கமிட்டித் தலைவர் மூன்று கிளாஸ் நுங்கு குடித்தார். "இன்னொண்ணு குடு பாப்பா, வயித்துக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்று நாலாவதும் கேட்டார்.

அன்று எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். அவள் குனிந்து ஷேக்கரைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அம்மா யூனிஸுக்கு விஷயம் தெரியும். துவைக்கப் போட்ட யூனிஃபார்மை முகர்ந்து பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அம்மாவிடம் மறைக்க முடியுமா? யூனிஸ் கத்தவில்லை. "உங்கப்பாகிட்ட நானா சொல்ல மாட்டேன். ஆனா அவர் வாயைத் திறந்து கேட்டார்னா பொய்யும் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீ சொல்லிடு" என்றாள். ஜெரூஷா நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

இதற்குள் சவுரிமுத்துவுக்குக் கோவளத்தில் இருக்கும் அதே கம்பெனியின் இன்னொரு ஹோட்டலுக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு ஜெரூஷாவா, கூட வேலை பார்க்கிற விக்கியா என்று பேச்சு. விக்கியே, "உனக்குத்தான் கிடைக்கும், வேணும்னா பந்தயம் கட்டு" என்றான். கிடைத்தால் இருபத்தைந்து வயசில் ஒரு நட்சத்திர ஹோட்டல் பாருக்கு அவள் பொறுப்பு. ஆனால் அவளுக்கு அந்தச் சந்தோஷம் முழுசாக வரவில்லை. எத்தனை பெரிய பதவி வந்தாலும் அப்பா சபையில் போய், "ஜூஸ் செக்ஷனுக்கே ஹெட் ஆயிட்டா" என்றுதானே சொல்வார்? அவர் வாயால், இவள் என்ன வேலை பார்க்கிறாளோ அந்த வேலையின் பெயரை ஒரு தடவை கேட்க வேண்டும். திட்டிக்கொண்டே சொன்னாலும் சரி. அவள் மனசுக்குள் கிடந்து அரித்தது அது ஒன்றுதான்.

அந்த ஹோட்டலில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு ஃபேமிலி டே. வேலை பார்க்கிறவர்களின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைகள் வேலை செய்கிற இடத்தைச் சுற்றிக் காட்டி, மேலே ஹாலில் விருந்து போட்டு, பதவி உயர்வுகளை அங்கேயே மைக்கில் சொல்வார்கள். அழைப்பிதழ் நேராக வீட்டு விலாசத்துக்குத் தபாலில் போய்விடும். ஜெரூஷா அதை மறந்துவிட்டாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தால், அப்பா அழைப்பிதழை பைபிளுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "ஆராதனை முடிஞ்சு நேரா வந்துடறோம் பாப்பா" என்கிறார்.

உடனே ஒரு திட்டம் போட்டாள். காலை டிபன் நடக்கிற ரெஸ்டாரண்டில் நிஜமாகவே ஒரு ஜூஸ் கவுண்ட்டர் உண்டு. அப்பா அம்மா வந்ததும் கேட்டிலேயே பிடித்து, அங்கே கூட்டிப் போய்க் காட்டிவிட்டு, நேராக மேலே ஹாலுக்கு. பன்னிரண்டு மணிக்கு விக்கி வந்து பார் கவுண்ட்டரைப் பார்த்துக்கொள்வான். இதைவிட அருமையான திட்டம் உண்டா?

பன்னிரண்டேகால் ஆயிற்று, விக்கியைக் காணோம். போன் பண்ணினான். "மேடவாக்கம் ஜங்ஷன்ல ஒரு தண்ணி லாரி குறுக்க நின்னுக்கிட்டு இருக்கு. எங்கம்மா ஆட்டோலயே தூங்கிட்டாங்க. நீ சமாளி."

பாரில் அந்நேரத்துக்கு ஒரே ஒரு ஆள்தான். கஜபதி. கூடுவாஞ்சேரியில் மனை போட்டு விற்கிற பெரிய கை. வாரத்துக்கு மூன்று நாள் வருவார், சாயங்காலம் வந்து இரண்டோடு எழுந்து போகிறவர். அன்று பதினொரு மணிக்கே வந்துவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்குப் பேத்தியின் முதல் பிறந்தநாள், வீடு முழுக்க உறவுக்காரர் கூச்சல், தாங்காமல் ஓடி வந்தேன் என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். ஜெரூஷாவுக்கு ஒரு வழக்கம். யாருக்கு ஊற்றினாலும், ஒரு கிளாஸுக்கு ஒரு பல் குத்தும் குச்சி கவுண்ட்டர் ஓரத்தில் அவர் பெயருக்குள்ள டம்ளரில் விழும். கஜபதியின் டம்ளரில் நாலு குச்சி விழுந்துவிட்டது. கார் சாவி மேஜை மேல் கிடந்தது. அதை எடுக்கப் போய் இரண்டு தடவை உப்புக் குப்பியை எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வாசல் செக்யூரிட்டி பல்லெல்லாம் தெரிய, "ஜெரூஷா அக்கா, உங்க அப்பா அம்மா. நீங்க பிஸியா இருப்பீங்கன்னு நானே கூட்டிக்கினு வந்துட்டேன்" என்றான். பாவம், நல்ல மனசு.

வேதசிரோமணி வெள்ளைச் சட்டை, கையில் பைபிள். பின்னால் யூனிஸ், பட்டுப்புடவை. அவருக்கு நேர் எதிரே, விளக்கு போட்ட நூறு பாட்டில்களுக்கு முன்னால், கறுப்பு ஏப்ரனில் அவர் பெற்ற மகள். அவர் கண் ஒவ்வொரு பாட்டிலாகப் போயிற்று. ஆரஞ்சு, ஆப்பிள் என்று ஏதாவது ஒன்று தட்டுப்படாதா என்று மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை தேடினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பெவரேஜ்," என்றார், மெதுவாக.

தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? ஜெரூஷா ஷேக்கரைக் கீழே வைத்தாள்.

"ஆமாம்பா. இது பார்தான். நான் பார்டெண்டர். ஒரு வருஷமா இதுதான் என் வேலை. உங்ககிட்ட சொல்லாம இருந்தது தப்பு."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. யூனிஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏசி நல்லா இருக்கு" என்றாள். வேறு என்னதான் சொல்வாள் அவளும்.

கஜபதி நாற்காலியோடு திரும்பினார். "யாரும்மா, அப்பாவா? வாங்க சார், வாங்க. தங்கமான பொண்ணு சார். ஜெரூஷா, அப்பாவுக்கு ஒரு லார்ஜ் ஊத்து, என் கணக்குல."

ஐயோ, யாரிடம் போய் என்ன சொல்லிவிட்டார் மனுஷன்! மகள் விஷயத்தில் உறைந்து நின்ற வேதசிரோமணிக்கு, பழக்கமான இந்த விஷயத்தில் உயிர் வந்துவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"சகோதரரே, மதுவானது முதலில் நண்பனைப் போல வந்து..." என்று ஆரம்பித்தார். கல்லீரலுக்குப் போனார். குடும்பத்துக்கு வந்தார். நீதிமொழிகளில் இரண்டு வசனம் சொன்னார். முப்பத்தோரு வருஷத்துப் பேச்சு, தங்கு தடை இல்லாமல் ஓடியது.

கஜபதி கன்னத்தில் கைவைத்து முழுக்கக் கேட்டார். "எங்க மாமனாரும் இப்டிதான் சார் பேசுவாரு. அவரு பேச்சைக் கேட்டுக் கேட்டுதான் நானு குடிக்கவே ஆரம்பிச்சேன். ஜெரூஷா, இப்போ ரெண்டா ஊத்து. ஒண்ணு எனக்கு, ஒண்ணு சார் பேசனதுக்கு."

வேதசிரோமணி மறுபடி வாயைத் திறந்தார்.

"அப்பா, நீங்க உக்காருங்க," என்றாள் ஜெரூஷா.

பிறந்ததிலிருந்து அப்பாவை அவள் உட்காரச் சொன்னதில்லை, அவரைக் கண்டால் இவள் எழுந்து நின்றுதான் பழக்கம். அவர் உட்கார்ந்துவிட்டார்.

சவுரிமுத்து பின்னாலிருந்து வந்து அவள் காதோடு சொன்னார். "ஊத்திக் குடுத்துடும்மா. அடுத்த மாசம் மூணு நாள் ஹாலை புக் பண்ணியிருக்கார். இன்னும் அரை மணியில மேல உன் பேரைச் சொல்லப் போறாங்க. இப்போ போய் வம்பு எதுக்கு?" சொல்லிவிட்டு இரண்டு மாத்திரையை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார்.

ஜெரூஷா பாட்டிலை எடுக்கவில்லை. கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, கஜபதிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பேத்திக்கு என்ன சார் பேரு?"

"மிருதுளா."

"உங்களைப் பார்த்தா வருவாளா?"

"தாவிக்கினு வருவா. வந்ததும் மூக்கைப் புடிச்சுக் கடிப்பா. ரெண்டே பல்லு கீது, இன்னா கடி கடிக்கறா தெரியுமா!"

"நாலு மணிக்கு அவ உங்க மூக்கைக் கடிக்க வரும்போது என்ன வாசனை சார் அடிக்கும்?"

கஜபதியின் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னா, நீயும் உங்கப்பா மாதிரி பேச ஆரம்பிச்சுட்டியா?"

"நான் பேசலை சார். கேக்கறேன்."

"ஊத்த மாட்டியா?"

"இன்னிக்கு மாட்டேன் சார். நாளைக்கு வாங்க, நானே ஊத்தறேன்."

"ஜி.எம். கிட்ட ஒரு வார்த்தை சொன்னா உன் வேலை இருக்காது, தெரியும்ல?"

"தெரியும் சார். வேலை போனாலும் இன்னிக்கு இந்த கிளாஸ் வராது."

குரலை உயர்த்தவில்லை. வழக்கமாக, ஐஸ் போடவா சார் என்று கேட்கிற அதே குரல். கஜபதி அவளை முறைத்தார். சாவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அவள் பிடுங்கப் போகவில்லை. கையை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்து சாவி அவள் கைப் பக்கம் நகர்ந்தது.

"செம பேஜாரான பொண்ணுப்பா நீ," என்றார் கஜபதி.

"தயிர் சாதம் வரச் சொல்றேன் சார். சாப்பிட்டுட்டு மேல ஒரு ரூம்ல படுங்க. மூணு மணிக்கு நானே எழுப்பி விடறேன். நம்ம டிரைவர் கூடுவாஞ்சேரில கொண்டுபோய் விடுவாரு."

"மாங்கா ஊறுகா வெப்பாங்களா?" என்று கேட்டார் அவர், தோற்றுப்போன குரலில்.

வேதசிரோமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, அந்தப் பழக்கம் போகாது. மகள் கவுண்ட்டரை விட்டு வெளியே வந்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

மேலே ஹாலில் ஜி.எம். அவள் பெயரைத்தான் சொன்னார். பாரின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நடந்ததில் பாதியைப் பார்த்துவிட்டாராம், அதையும் மைக்கில் சொன்னார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த விக்கி விசில் அடித்தான். விக்கியின் அம்மா தூக்கத்திலிருந்து எழுந்தவர் போலக் கை தட்டினார். யூனிஸ் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்றோர் சார்பில் இரண்டு வார்த்தை என்று வேதசிரோமணியிடம் மைக்கை நீட்டினார்கள். மைக்கைக் கண்டால் விடாத மனுஷர், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

ஜெரூஷாவுக்கு அத்தனை கைத்தட்டலும் காதில் ஏறவில்லை. அப்பாவின் அந்தத் தலையாட்டல் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

அந்த வாரம் முழுக்க அவர் பேசவில்லை. கோபமா என்றால், கோபம் மாதிரியும் தெரியவில்லை. ஏரிக்கரையில் காலை நடை போனார், வந்தார், சாப்பிட்டார். புதன்கிழமை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த டம்ளர்ல குச்சி போட்டு வெச்சிருந்தியே, எதுக்கு?"

"யாருக்கு எத்தனை ஊத்தினேன்னு ஞாபகத்துக்குப்பா. மூணாவது குச்சி விழுந்ததும் சாப்பாடு, தண்ணின்னு ஆரம்பிச்சுடுவேன். நாலுக்கு மேல யாரா இருந்தாலும் யோசிப்பேன்."

"ம்," என்றார். தட்டைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். ஜெரூஷா அன்று ராத்திரி அம்மாவின் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள். "திட்டினாக்கூடத் தேவலைம்மா" என்றாள்.

ஞாயிறு வந்தது. ஆராதனை முடிவில் அறிவிப்புகள். மாதர் சங்கக் கூட்டம், பெயிண்ட் அடிக்கும் வேலைக்குக் காணிக்கை, எல்லாம் வாசித்து முடிந்தது. வேதசிரோமணி எழுந்து மைக்குக்குப் போனார். வழக்கப்படி நாலைந்து தாய்மார்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து எழுப்பினார்கள்.

"ஒரு திருத்தம்," என்றார் அவர். "ஒரு வருஷமா உங்க எல்லார்கிட்டயும் என் மகள் ஜெரூஷா ஹோட்டல்ல ஜூஸ் செக்ஷன்ல இருக்கான்னு சொல்லிட்டு வந்தேன். அது தப்பு. என் மகள் பார்டெண்டர். பார்ல மது ஊத்திக் குடுக்கறது அவ வேலை. இப்போ அந்த பாருக்கே அவதான் பொறுப்பு."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு மது ஆகாது. சாகிற வரைக்கும் ஆகாது. அதுல மாற்றம் இல்லை. முப்பத்தோரு வருஷமா இங்க நின்னு பேசியிருக்கேன். என் பேச்சைக் கேட்டு யாராவது ஒருத்தர் கையில இருந்த கிளாஸைக் கீழ வெச்சதை என் கண்ணால நான் பார்த்ததில்லை. போன ஞாயித்துக்கிழமை பார்த்தேன். என் பேச்சுக்கு அந்த ஆள் கூட ஒண்ணு கேட்டார். என் மகள் கேட்ட கேள்விக்குக் கார் சாவியைக் குடுத்துட்டுத் தயிர் சாதம் சாப்பிட்டார். தப்பான தகவல் குடுத்ததுக்கு சபை என்னை மன்னிக்கணும்."

இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்து நின்ற பிள்ளைகளை என்ன செய்வது என்று தாய்மார்களுக்குத் தெரியவில்லை. ஜெரூஷா பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, எது முதலில் என்று தெரியாமல் திண்டாடினாள். பார்டெண்டர். அப்பா வாயால், மைக்கில், இருநூற்று எண்பது பேருக்கு முன்னால்.

வெளியே வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்துகொண்டுதான் வந்தாள். செருப்பைத் தேடும்போது பாடகர் குழு ரோஸி அக்கா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஜெரூ, எங்க வீட்டுக்காரர்கிட்ட நீ ஒரு தடவை பேசறியா? யாருக்கும் தெரியாது. எட்டு வருஷமா."

அதை முடித்து வாசல் பக்கம் வருவதற்குள், கெசியா டீச்சர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அவர் பிள்ளை, காலேஜில் இரண்டாம் வருஷம். "திட்டிப் பார்த்துட்டேன்மா. உன் மாதிரி கேக்கத் தெரியலை எனக்கு" என்றார்.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் வேதசிரோமணி மகள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேர் உன்னை நிறுத்திப் பேசினாங்களே, என்னவாம்?"

"வீட்டு விஷயம்பா."

"குடியா?"

ஜெரூஷா தலையைக் குனிந்தபடி நடந்தாள்.

"நம்ம சபையிலயா?" அவர் நடையை நிறுத்திவிட்டார். "குடிக்கிறது யாரு? பேரைச் சொல்லு."

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன்பா."

முப்பத்தோரு வருஷமாக யாருக்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. யூனிஸ் அவர் கையிலிருந்த குடையை வாங்கி விரித்துப் பிடித்தாள்.

பின்னாலிருந்து ஒரு பைக் வந்து பக்கத்தில் நின்றது. மது ஒழிப்புக் கமிட்டிச் செயலாளர் ஜோனத்தான். வேதசிரோமணியின் ஒவ்வொரு பேச்சுக்கும் நோட்டீஸ் அடித்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, ஆமென் சொல்கிறவர். ஹெல்மெட்டைக் கழற்றியவர் அதைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். வேர்த்துக் கொட்டியது.

"சார், தப்பா நெனைக்காதீங்க," என்றார். "ஜெரூஷாகிட்ட ரெண்டு நிமிஷம் தனியாப் பேசலாமா?"

"யாருக்காக?" என்றார் வேதசிரோமணி.

ஜோனத்தான் ஹெல்மெட்டைப் பார்த்தார். "எனக்காகத்தான் சார்."

வேதசிரோமணி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். பைபிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"வா யூனிஸ், நாம முன்னால போவோம்," என்றார். "பொண்ணு வேலையில இருக்கா."